மட்கும் பாலிமர் கலவைக்கு நானோ களிமண் சேர்க்கும் முறை

மட்கும் பிளாஸ்டிக்கான பாலிலாக்டிக் அமிலத்தில், அதாவது பிஎல்ஏவில், வார்த்தெடுத்த பட்டையை இரு கைகளாலும் வளைத்தால் படக்கென்று முறிந்துவிடும். ஏறத்தாழ 5 சதவீதம் நீள்வதற்குள் அறுந்துபோகும் பொருள் அது. குடியாத்தம் பக்கத்து நாற்றங்கால்களுக்குக் குழித்தட்டு செய்யவேண்டுமானால், பல நூறு சதவீதம் நீளும் இன்னொரு மட்கும் பிளாஸ்டிக்கான பிபிஏடியை அதனுடன் 20 முதல் 30 சதவீதம் வரை சேர்க்கவேண்டும். இவ்விரண்டும் ஒன்றில் ஒன்று கரையாமல், பிஎல்ஏவுக்குள் பிபிஏடி துளித்துளியாக நிற்கும். அத்துளிகள் உருகிய நிலையில் ஒன்றோடொன்று சேர்ந்து பெருத்தால் விரிசலைத் தடுக்கும் ஆற்றல் குறையும். துளிகளின் விளிம்பில் அமர்ந்து அவற்றைச் சேரவிடாமல் காப்பதே நானோ களிமண்ணின், அதாவது மிக நுண்ணிய தகடுகளாலான களிமண்ணின், வேலை. பிபிஏடி இல்லாமல் களிமண்ணை மட்டும் சேர்த்தால் பெரும்பாலும் விறைப்புத்தான் கூடும்.

முதலில் ஈரத்தைப் போக்குங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் வேலூரில் மூட்டையைத் திறந்து வைத்தால் குருணை ஈரத்தை இழுத்துக்கொள்ளும். உருகும்போது அந்த ஈரமே பிஎல்ஏவின் சங்கிலிகளை அறுக்கும். படிகமான பிஎல்ஏ குருணையை 80 டிகிரி செல்சியஸில், வெற்றிட அடுப்பில் ஓர் இரவு உலர்த்தி, ஈரத்தை 0.025 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவரவேண்டும். படிகமாகாத குருணை அந்த வெப்பத்தில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் அதற்கு 45 டிகிரி போதும், நேரம்தான் கூடுதலாகும். களிமண்ணையும் உலர்த்த மறக்கவேண்டாம்.

கலக்கும் வரிசையில்தான் பலரும் தவறுகிறார்கள். நானும் முதன்முறை மூன்றையும் ஒரே சமயத்தில் எக்ஸ்ட்ரூடரில், அதாவது உருக்கிக் கலந்து தள்ளும் இயந்திரத்தில், போட்டு, 5 சதவீதம் களிமண் சேர்த்தேன். பட்டையில் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன, ஒவ்வொரு முறையும் அந்தப் புள்ளியிலேயே முறிந்தது. நானோ களிமண்ணை, அதாவது கரிமப் பூச்சுள்ள மாண்ட்மோரிலோனைட்டை, முதலில் பிஎல்ஏவில் 10 சதவீதச் செறிவில் இரட்டைத் திருகு எக்ஸ்ட்ரூடர் வழியாகக் கலந்து குருணையாக்குங்கள். பிறகு அதனை மீதிப் பிஎல்ஏ, பிபிஏடி ஆகியவற்றுடன் 170 முதல் 180 டிகிரியில் கலந்து, இறுதி அளவை 1 முதல் 3 சதவீதத்துக்குள் நிறுத்துங்கள். பூச்சின் தன்மை பிபிஏடியை விரும்புவதாக இருந்தால், பிஎல்ஏவிலிருந்து அதை நோக்கி நகரும் களிமண் வழியிலுள்ள விளிம்பில் தங்க வாய்ப்பு கிடைக்கிறது. வெப்பத்தைத் தேவைக்குமேல் ஏற்றினால் பிஎல்ஏவும் பூச்சும் சிதையும்.

உலர்ந்த தூளை எடைபோடும்போது புகைபோக்கிப் பெட்டிக்குள் முகக்கவசத்துடன் வேலை செய்யுங்கள். சிந்தியதை ஈரத்துணியால் துடையுங்கள்.

முறிவுச் சோதனைக்கு, ஓரத்தில் சிறு வெட்டுப் போட்ட பட்டைகள் குறைந்தது ஐந்தாவது வேண்டும். ஒன்றை வைத்து முடிவு செய்யாதீர்கள். கையால் மடிக்கும்போது மடிப்பு வெண்மையாகி, முறியாமல் நின்றால் கலவை சரியான வழியில் இருக்கிறது. பிஎல்ஏ சுமார் 60 டிகிரியில் இளகுவதை இந்த அளவுக் களிமண் பெரிதாக மாற்றாது. ஆகவே வேலூர்க் கோடையில் மூடி நிறுத்திய வண்டிக்குள் தட்டுகளை அடுக்கி வைக்கவேண்டாம்.