எம்ஜிபி காருக்கு நல்ல பிரேக்: முதன்முறை செய்பவர்களுக்கான செய்முறை

இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்திலுள்ள ஆபிங்டன் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை தயாரான எம்ஜிபி, பழைய ஸ்போர்ட்ஸ் காரில் கைவேலை பழக விரும்புபவர்களுக்கு அருமையான வண்டி. உதிரி பாகம் எல்லாம் கிடைக்கும், வேலையும் கண்ணுக்குத் தெரியும். வாங்கிய கையோடு பலரும் கேட்கும் கேள்வி: "பிரேக்கை எப்படி மேம்படுத்துவது?"

என் பதில் ஒன்றுதான். பெரிய காலிப்பர் (டிஸ்க்கை இரு பக்கமும் கவ்விப் பிடிக்கும் பாகம்) வாங்கும் முன், கம்பெனி கொடுத்த பிரேக்கை முழுசாக உயிர்ப்பியுங்கள். இந்த வண்டிக்கு முதல் வருடத்திலிருந்தே முன்னால் 10.75 அங்குல டிஸ்க் (சக்கரத்தோடு சுற்றும் வட்டத் தகடு) உண்டு, பின்னால் 10 அங்குல டிரம் (சக்கரத்தோடு சுற்றும் கிண்ணம்). எடை சுமார் ஒரு டன்தான். சரியான நிலையில் இருந்தால் இன்றைய சாலைக்கும் இது நன்றாகவே பிடிக்கும். "பிரேக் சரியில்லை" என்று வரும் வண்டிகளில் பெரும்பாலும் ஊறிப்போன ரப்பர் ஹோஸ், வருடக்கணக்கில் மாற்றாத பிரேக் ஆயில், காலிப்பருக்குள் இறுகிப்போன பிஸ்டன், இதில் ஏதாவது ஒன்றுதான் காரணம். அதன்மேல் விலை உயர்ந்த பாகத்தை மாட்டினால் பணம் போகும், குறை அப்படியே இருக்கும்.

வாங்க வேண்டியவை

முன்பக்கத்துக்குப் புது பேட் (டிஸ்க்கை உரசிப் பிடிக்கும் பட்டை), தேய்ந்திருந்தால் டிஸ்க். எஃகுப் பின்னல் போட்ட ஹோஸ் மூன்று: முன்னால் இரண்டு, பின் ஆக்சிலுக்கு ஒன்று. புது செம்பு வாஷர்கள், டாட் 4 பிரேக் ஆயில், பிரேக் கிளீனர். கருவிகளில் முக்கியமானது பிரேக் பைப் நட்டுக்கென்றே வரும் ஃப்ளேர் ஸ்பேனர். சாதாரண ஸ்பேனர் போட்டால் பழைய நட்டின் முனைகள் வழுக்கி உருண்டையாகிவிடும். இந்த வண்டியின் நட்டுகள் அங்குல அளவில் வருபவை, மில்லிமீட்டர் ஸ்பேனரை வைத்து முயற்சி செய்யாதீர்கள்.

தூக்கி நிறுத்துதல்

சமதளத்தில் நிறுத்தி, தரையில் நிற்கும் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கியால் தூக்கி ஆக்சில் ஸ்டாண்டில் உட்கார வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் கை வைக்கவே கூடாது. பழைய பேட்டிலும், டிரம்முக்குள் உரசும் ஷூக்களிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அதனால் தூசியைக் காற்றடித்து ஊதாமல், கிளீனரால் நனைத்துத் துடையுங்கள். நுண்தூசியைத் தடுக்கும் மாஸ்க் போடுங்கள்.

முன்பக்க பேட்

காலிப்பரில் பேட்டைப் பிடித்திருக்கும் இரண்டு ஸ்ப்ளிட் பின்களையும் ஸ்பிரிங் தகட்டையும் எடுத்தால் பேட் வெளியே வரும். புது பேட் தடிமனாக இருக்கும் என்பதால் பிஸ்டனை உள்ளே தள்ள வேண்டும். தள்ளும்போது பிளீடர் நிப்பிளில் (காலிப்பரில் ஆயிலையும் காற்றையும் வெளியேற்றும் சிறு திருகு) ஒரு டியூப் மாட்டிச் சற்றே திறந்து, பழைய ஆயிலை டப்பாவில் இறக்கி, உடனே மூடுங்கள். இல்லையென்றால் அது மேலே போய் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து (பெடல் மிதித்ததும் ஆயிலைத் தள்ளும் பாகம்) வழிந்து, பெயின்டை உரித்துவிடும்.

பிஸ்டன் நகர மறுத்தால் அங்கேயே நிறுத்துங்கள். அந்தக் காலிப்பரைக் கழற்றி, புதுப்பித்த ஒன்றை மாட்டுவதே நல்லது. காலிப்பரின் இரு பாதிகளையும் பிரிக்கும் வேலை ஆரம்ப நிலையில் வேண்டாம்.

டிஸ்க் மாற்றுவது சற்றுப் பெரிய வேலை. டிஸ்க், சக்கரம் மாட்டும் நடுப்பாகமான ஹப்பின் பின்னால் போல்ட் போட்டு இருப்பதால் ஹப்பையே கழற்ற வேண்டும். திரும்ப மாட்டும்போது பேரிங்கின் ஆட்டத்தை ஷிம் (மெல்லிய உலோக வளையம்) வைத்து 0.002 முதல் 0.004 அங்குலத்துக்குள் கொண்டுவர வேண்டும். அந்த ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜ் பழக்கமில்லை என்றால் இதை மட்டும் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

ஹோஸ்

இந்த மேம்பாட்டில் காசுக்கு அதிகப் பலன் தருவது இதுதான். பழைய ரப்பர் ஹோஸ் பெடலை மிதிக்கும்போது லேசாக உப்பும், உங்கள் கால் கொடுத்த அழுத்தத்தில் ஒரு பகுதி அதிலேயே போய்விடும். இன்னும் மோசம், உட்சுவர் வீங்கி வழியை அடைப்பது. மிதித்தால் ஆயில் போகும், காலை எடுத்தால் திரும்பாது. அந்தச் சக்கரம் பிரேக் பிடித்தபடியே ஓடிச் சூடாகும், வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். ஆரம்பகால எம்ஜிபிகளில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே ஆயில் லைன்தான், ஒரு ஹோஸ் வெடித்தால் கால் பிரேக் மொத்தமும் போச்சு.

கழற்றும்போது முதலில் இரும்புப் பைப் சேரும் முனை. ஹோஸின் அறுகோணத்தை ஒரு ஸ்பேனரால் அசையாமல் பிடித்து, பைப் நட்டை மட்டும் திருப்புங்கள். ஹோஸ் சேர்ந்து திருகினால் பைப் முறுக்கி உடையும். அப்புறம் காலிப்பர் பக்கம். மாட்டும்போது இதற்கு நேர் எதிர்: புது செம்பு வாஷருடன் காலிப்பரில் முதலில், பைப் முனை கடைசியில். ஹோஸில் முறுக்கு விழவே கூடாது. முடிந்ததும் சக்கரத்தை மாட்டி, ஸ்டியரிங்கை இரு பக்கமும் கடைசிவரை திருப்பி, ஹோஸ் எங்கும் உரசவில்லை, இழுபடவில்லை என்று பாருங்கள்.

பின் டிரம்

ஹேண்ட்பிரேக்கை விட்டுவிட்டு டிரம்மைக் கழற்றுங்கள். ஷூ ஈரமாக இருந்தால் முகர்ந்து பாருங்கள். கந்தக வாடை அடித்தால் அது கியர் ஆயில், ஆக்சில் சீல் போயிருக்கிறது. இல்லையென்றால் பெரும்பாலும் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டர் கசிகிறது. எதுவானாலும் நனைந்த ஷூவைத் துடைத்துப் போடாதீர்கள், இரு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள். பிறகு பின் தகட்டிலுள்ள சதுரத் தலை அட்ஜஸ்டரைச் சக்கரம் நிற்கும்வரை இறுக்கி, தாராளமாகச் சுற்றும் அளவுக்கு மட்டும் தளர்த்துங்கள். பெடல் ஆழமாகப் போகிற குறை பாதி இதிலேயே தீரும்.

ஆயில் நிரப்பி ஏர் எடுத்தல்

பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறியதும் அந்த வரம்பு 155 வரை இறங்கலாம். மலை இறக்கத்தில் அது கொதித்து ஆவியானால் பெடல் தரை வரை போகும். டாட் 5 என்பது சிலிக்கோன், அதை இதனுடன் கலக்கக் கூடாது. டாட் 5.1 கலக்கலாம், அது சிலிக்கோன் இல்லை.

மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தூரத்திலுள்ள சக்கரத்தில் தொடங்கி அருகிலுள்ளதில் முடியுங்கள். ஒருவர் மெதுவாக மிதிக்க, மற்றவர் நிப்பிளைத் திறந்து, பெடல் மேலே வருவதற்குள் மூட வேண்டும். குமிழி நிற்கும்வரை இது தொடரட்டும். இடையிடையே மேலே ஆயில் ஊற்றிக்கொண்டே இருங்கள், காலியானால் முதலிலிருந்து செய்ய வேண்டும். எவ்வளவு ஏர் எடுத்தாலும் பெடல் மெத்தென்றே இருந்தால், காலிப்பர் பக்கம் மாறி மாட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். நிப்பிள் மேலே இருக்க வேண்டும், கீழே இருந்தால் காற்று வெளியே வரவே வராது.

பெரிய காலிப்பர் எப்போது?

1973 முதல் 1976 வரை வந்த எம்ஜிபி ஜிடி வி8 வண்டிக்குத் தடிமனான டிஸ்க்கும் பெரிய காலிப்பரும் கொடுத்தார்கள். மலைச்சாலையில் வேகமாக ஓட்டுபவர்களுக்கு, எஞ்சின் சக்தியைக் கூட்டியவர்களுக்கு அது நியாயமான அடுத்த படி. டிஸ்க்கும் காலிப்பரும் சேர்த்தே மாற்ற வேண்டும், உங்கள் சக்கரத்துக்குள் இடிக்காமல் அடங்குமா என்று முன்பே அளந்து பார்க்க வேண்டும். மிதிக்கும் பலத்தைக் கூட்டித்தரும் சர்வோ வேறு சங்கதி. அது உங்கள் காலின் உழைப்பைக் குறைக்கும், பிரேக்கின் வெப்பம் தாங்கும் திறனைக் கூட்டாது.

முதல் ஓட்டம்

நகரும் முன் பெடலைப் பலமுறை மிதித்துக் கெட்டியாக்குங்கள். பேட் டிஸ்க்கை நெருங்கும்வரை முதல் மிதி வெறுமையாகப் போகும். எஞ்சினை ஓடவிட்டு, பெடலை முழு பலத்தோடு மிதித்துப் பிடித்தபடி, இன்னொருவரை ஒவ்வொரு இணைப்பையும் விரலால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம் காலிச் சாலையில் மிதமான வேகத்தில், முழுக்க நிற்காமல் வேகத்தைக் குறைத்துக் குறைத்து, இடையில் ஆறவிட்டு பேட்டைப் பழக்குங்கள். எத்தனை முறை என்பது பேட் பெட்டியிலேயே எழுதியிருக்கும். வீடு வந்ததும் ஆயில் அளவையும் கசிவையும் மறுபடி பாருங்கள். வி8 பாகம் போட்டிருந்தால் காப்பீட்டு நிறுவனத்துக்கும் சொல்லிவிடுங்கள்.