ரெண்டு ஃபசி உறவை ஒண்ணா சேக்கணுமா, ஆவரேஜ் போடறதுக்கு முன்னாடி இதைப் பாத்துக்கங்க

கானாடுகாத்தான்ல எங்க ஐயா வீட்டு வளவுல ஆத்தங்குடி பூக்கல்லு நாலஞ்சு பேந்து போச்சு, அதுக்கு சோடி தேடி பட்டறைக்குப் போய் ரெண்டு மாதிரி வாங்கிட்டு வந்தோம். கண்ணாடி மேல அச்சை வச்சு கலரை கையால ஊத்தி செய்யற கல்லுங்க, அதனால ஒண்ணு மாதிரியே இன்னொண்ணு அச்சு அசலா இருக்காது, 'ஒத்துப்போகுது, போகல'னு பேசறதுல அர்த்தமே இல்ல, எவ்வளவு ஒத்துப்போகுதுன்னு 0லேருந்து 1க்குள்ள ஒரு நம்பர்தான் சொல்ல முடியும். அதான் ஃபசி உறவு.

ஆச்சி கலரை வச்சு நம்பர் சொன்னாக: பழசுக்கும் முதல் மாதிரிக்கும் 0.9, மாதிரி ரெண்டுக்கும் நடுவுல 0.4, பழசுக்கும் ரெண்டாவதுக்கும் 0.4. நான் டிசைனை வச்சு அதே வரிசையில 0.3, 0.8, 0.3 போட்டேன்.

இதுல மூணு குணம் பாக்கணும். தன்னோட தான் 1 வரணும், ரெண்டு பக்கமும் ஒரே நம்பர் வரணும். இது ரெண்டும் சேக்கும்போது பெருசா தொல்லை தராது, எல்லாம் 1ஆ இருந்தா விடையும் 1 வர்ற ஃபங்ஷனா எடுத்தா போதும். தொல்லை மூணாவது குணமான டிரான்சிட்டிவிட்டிலதான், அதாவது அ ஆவோடயும், ஆ இயோடயும் ஒத்துப்போனா, அ இயோடயும் ஒத்துப்போகணும்கறது. ஃபசி கணக்கை ஆரம்பிச்சு வச்ச லோட்ஃபி ஸாடே 1971ல எழுதின ஒற்றுமை உறவுல விதி இதுதான்: அ–இ நம்பர், அ–ஆ, ஆ–இ ரெண்டுல சின்னதைவிட குறையக்கூடாது. மேல இருக்கற ரெண்டு பட்டியலும் இதுல பாஸ், நீங்களே போட்டுப் பாருங்க.

இப்ப ஆவரேஜ் எடுங்க, 0.6, 0.6, 0.35. உடைஞ்சு போச்சு, கடைசி நம்பர் 0.6ஆவது இருந்திருக்கணும். ரெண்டு நல்ல உறவைச் சேத்து ஒரு கெட்ட உறவு வந்துருச்சு, இதை வச்சு கல்லைக் குழு பிரிச்சீங்கன்னா குழுவே நிக்காது. மேக்ஸிமம் எடுத்தா இன்னும் மோசம், 0.9, 0.8, 0.4. மினிமம் எடுத்தா 0.3, 0.4, 0.3, இது நிக்குது, எத்தனை பட்டியல் சேத்தாலும் நிக்கும்.

அதுக்காக ஆவரேஜை தூக்கிப் போட வேணாம். மேல 'ரெண்டுல சின்னது' எடுத்தோம்ல, அந்த மாதிரி ரெண்டு நம்பரை ஒண்ணாக்கற விதிக்கு டி-நார்ம்னு பேரு. உங்க விதி லூக்காசியேவிச் டி-நார்மா இருந்தா, அதாவது ரெண்டையும் கூட்டி 1 கழிச்சா வர்றதைவிட குறையாம இருந்தா போதும்னா, 0.6 + 0.6 - 1 = 0.2, நம்மகிட்ட 0.35 இருக்கு, பாஸ். காரணம் என்னன்னா 1லேருந்து கழிச்சுப் பாத்தா அது தூரம் மாதிரி நடந்துக்கும், தூரங்களோட ஆவரேஜும் தூரம்தானே, வெயிட் கூட்டினா 1 வர்ற மாதிரி இருந்தா வெயிட்டட் ஆவரேஜும் ஓகே. பெருக்கல் டி-நார்ம்னா, அதாவது ரெண்டையும் பெருக்கினா வர்றதைவிட குறையக்கூடாதுன்னா, ஜியோமெட்ரிக் மீன் எடுங்க, ரெண்டு பட்டியல் நம்பரையும் பெருக்கி வர்க்கமூலம் எடுக்கறது.

வேற ஏதாவது ஃபங்ஷன் வச்சிருந்தா டெஸ்ட் இது: முதல்ல டி-நார்ம் போட்டுட்டு அப்புறம் சேக்கற விடை, சேத்துட்டு டி-நார்ம் போடற விடையைவிட எந்த நம்பருக்கும் குறையக்கூடாது. இதுக்கு டாமினேஷன்னு பேரு, 2002ல சாமிங்கர், மெசியார், போடன்ஹோஃபர் மூணு பேரும் டிரான்சிட்டிவிட்டி நிக்கறதும் இதுவும் ஒண்ணுதான்னு காட்டினாங்க. ஒரு எடுத்துக்காட்டுல பாஸ் ஆயிருச்சுன்னு நம்பிடாதீங்க, எல்லா நம்பருக்கும் நிக்கணும்.

உடைஞ்ச பிறகு டிரான்சிட்டிவ் க்ளோஷர் போட்டு, அதாவது விதி நிக்கற வரைக்கும் குறையற நம்பரை ஏத்தி, சரி பண்ணலாம்னு சில பேர் செய்வாங்க, செய்யலாம், ஆனா 0.35ஐ 0.6ஆ ஏத்திரும். பழசுக்கும் ரெண்டாவது மாதிரிக்கும் அவ்வளவு ஒற்றுமை யாருமே சொல்லலையே, எனக்கு அது பிடிக்கல.

ஒரு பட்டியலுக்கு முக்கியத்துவம் கம்மி பண்ணணும், மினிமமும் வேணும்னா ஒரு வழி இருக்கு. 1லேருந்து வெயிட்டைக் கழிங்க, அந்த நம்பரையும் பட்டியல் நம்பரையும் பாத்து பெருசை வச்சுக்கங்க, அப்புறம் மினிமம் எடுங்க, விதி உடையாது. டிசைனுக்கு 0.5 வெயிட் போட்டேன், கலருக்கு முழு 1. பழசுக்கும் முதல் மாதிரிக்கும் 0.5, மத்த ரெண்டும் 0.4. முதல் மாதிரிக்கே ஆர்டர் குடுத்தோம்.