ராண்டல் மாடல் 18 எந்தக் காலத்துக் கத்தி?

ஃபுளோரிடா மாநிலம் ஆர்லாண்டோவில் கையால் செய்யப்படும் ராண்டல் கத்திகளில் மாடல் 18-ஐத் தூரத்திலிருந்தே தெரிந்துகொள்ளலாம்: உள்ளே கூடான எஃகுக் குழாய்க் கைப்பிடி, கத்தியின் முதுகில் ரம்பப் பல். 1960களின் தொடக்கத்தில் வந்த மாடல் இது, வியட்நாம் போருக்குப் போன சிப்பாய்கள் நிறையப் பேர் வாங்கினார்கள்.

எந்தக் காலத்தது என்று கணிக்க முதலில் கைப்பிடியின் அடிமூடியைப் பாருங்கள். திருகிக் கழற்றும் பித்தளை மூடிதான் வழக்கம், ஆனால் ஆரம்பகாலக் கத்திகளில் ஊன்றுகோலின் அடியில் மாட்டுவார்களே, அந்த மாதிரி ரப்பர் மூடி இருந்தது. மூடி தொலைந்து யாரோ பிறகு மாட்டியதாகவும் இருக்கலாம், அதனால் இதை மட்டும் நம்பிக் காசை எடுக்காதீர்கள்.

அப்புறம் உறை. ஹைசர் என்ற உறை தயாரிப்பாளரின் முத்திரை இருந்தால் பழையது. 1960களின் தொடக்கத்தில் ஜான்சன் என்ற இன்னொரு தயாரிப்பாளரின் உறைகள் வந்தன, அதிலும் பின்பக்கத் தோல் சொரசொரப்பாக இருந்தால் முந்தையது, வழவழப்பு என்றால் பிந்தையது. ஆனால் உறையை மாற்றுவது ரொம்பச் சுலபம்! அதனால் கத்தியின் தேய்மானமும் உறைக்குள் பதிந்த தடமும் ஒத்துப்போகிறதா என்று செருகிப் பாருங்கள்.

பிளேடில் முத்திரைக்குக் கீழே எஸ் எழுத்து இருந்தால் அது துருப்பிடிக்காத எஃகு. கறையைத் தேய்த்துப் பளபளப்பாக்க மட்டும் வேண்டாம், விலை போய்விடும்.