மலைக்கு மேலே ஒரு வெளிச்சம்: பார்த்தவர்கள் அவசரத்தில் செய்யும் தவறுகள்

இலங்கை மலையகத்தில் இரவு வெளிச்சங்களுக்கு விளக்கம் சொல்ல ஆளுக்குப் பஞ்சமே இல்லை. லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) பெரியவர்கள் முனி போகிறது என்பார்கள், இளசுகள் பறக்கும் தட்டு என்பார்கள், எல்ல என்ற ஊர்ப் பக்கம் போனால் இராவணனின் விமானத்தையே இழுத்து வருவார்கள். பெயர் வைப்பதில் உள்ள வேகம் பார்ப்பதில் இருப்பதில்லை.

முதல் தவறு நம் ஊருக்கே உரியது: வெளிச்சம் வானத்தில்தான் இருக்கிறது என்று எடுத்துக்கொள்வது. பகலில் எதிரே சுவர்போல நிற்கும் மலை, அமாவாசை இருட்டில் வானத்தோடு கரைந்துவிடும். அதன் இடுப்பில் எரியும் லயத்து பல்பு நட்சத்திரங்களுக்கு நடுவே தொங்கும். வளைவுகளில் ஏறும் லொறியின் ஹெட்லைட் பளிச்சென்று தெரியும், அணையும், கொஞ்ச நேரம் கழித்து இன்னும் மேலே வேறோர் இடத்தில் தெரியும். “கண் மூடித் திறப்பதற்குள் இடம் மாறிவிட்டது” என்று கேள்விப்பட்டால் எனக்கு முதலில் அந்த லொறிதான் ஞாபகம் வரும். டிசம்பர் பௌர்ணமியிலிருந்து வெசாக் வரை சிவனொளிபாதமலை யாத்திரை சீசன். அந்த மலைக்குப் பக்கத்து மஸ்கெலியாவுக்குப் புதிதாக வருகிறவர், மலை தெரியாமல் படிக்கட்டு விளக்குகளின் வரிசை மட்டும் தெரிந்தால், வானத்துக்கு ஏணி போட்டிருக்கிறார்கள் என்றே நினைப்பார். மூடுபனி வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். தொலைத்தொடர்புக் கோபுர உச்சியின் சிவப்பு விளக்குகூட அந்தரத்தில் மிதக்கும்.

சோதிக்க எளிய வழி உண்டு. நின்ற இடத்தை அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். வெளிச்சம் எந்தக் கம்பத்துக்கு மேலே, எந்த மரத்துக்கு இடப்பக்கம் என்று பாருங்கள். மறுநாள் காலை அதே இடத்தில் நின்று அங்கே பார்த்தால் பல மர்மங்கள் தகரக் கூரையும் பல்புமாக வெளுத்துவிடும்.

அடுத்தது, “அசைந்தது” என்ற சாட்சியம். கும்மிருட்டில் ஒற்றைப் புள்ளியை உற்றுப் பார்த்தால், அசையாத புள்ளியும் அலைவதுபோலத்தான் கண்ணுக்குத் தெரியும். சுவரில் சாய்ந்து நின்று, அதைக் கூரை மூலையோடு பொருத்திப் பாருங்கள். நட்சத்திரமோ கிரகமோ என்றால் நான்கு நிமிடத்துக்குச் சுமார் ஒரு பாகை நகரும். நீட்டிய கையின் சுண்டு விரல் அகலம் அவ்வளவுதான். ஓடுகிற பஸ்ஸிலிருந்து பார்த்து “கூடவே வந்தது” என்றால் பெரும்பாலும் வெள்ளி அல்லது வியாழன். ஆனால் நள்ளிரவில் உச்சியில் பார்த்ததை வெள்ளி என்று சொல்லிவிடாதீர்கள். வெள்ளி சூரியனைவிட்டு 47 பாகைக்கு மேல் விலகுவதில்லை. அது அந்தியிலும் விடியலிலும்தான். சிவப்பும் பச்சையும் நீலமுமாகத் துடிப்பதும் பலரை ஏமாற்றும். டிசம்பர், ஜனவரி முன்னிரவில் கிழக்கே ஏறும் சிரியஸ் நட்சத்திரம் அடிவானத்துக் காற்றின் வழியே அப்படித்தான் மினுக்கும்.

சத்தம் இல்லை, ஆகவே விமானம் இல்லை என்பதும் சரியல்ல. பத்துக் கிலோமீட்டர் உயரத்து விமானத்தின் சத்தம் வந்து சேர அரை நிமிடமாகும். மலைக்காற்று எதிரே வீசினால் வராமலே போகலாம். நேரே நம்மை நோக்கி வரும் விமானத்தின் முன்விளக்கு நகராமல் நிற்பதுபோலவும் தெரியும். சத்தமில்லாமல் வெட்டும் வெளிச்சமும் இப்படித்தான். இடி இருபது கிலோமீட்டருக்கு மேல் பொதுவாகக் கேட்காது, மின்னலின் ஒளியோ நூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்தும் தெரியும். ஒக்டோபர், நவம்பரில் ஹப்புத்தளை விளிம்பில் நின்று தெற்கே பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல.

மணி கோத்ததுபோல வரிசையாகப் போனால் அது ஸ்டார்லிங்க் என்ற இணையச் சேவைச் செய்மதிகள். 2019 மே மாதத்தில் முதல் தொகுதியாக 60 செய்மதிகளை ஏவியதிலிருந்து உலகமே இதைப் பார்த்து மிரண்டிருக்கிறது. ஏவிய சில நாட்களுக்குத்தான் அந்த வரிசை, பிறகு பிரிந்துவிடும். அந்தியில் வெள்ளை விசிறிபோல ஒளிப்புகை விரிந்தால் இந்தியாவின் ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளத்தின் அட்டவணையைப் பாருங்கள். அங்கிருந்து தெற்கே போகும் பிஎஸ்எல்வி ரொக்கெட்டுகள் இலங்கைக்கு மேலே பறக்காமலிருக்க கிழக்கே சுற்றி வளைந்து போகும். நமக்கு இருட்டிய பிறகும் அந்த உயரத்தில் வெயில் அடிக்கும், அதனால் புகை மினுங்கும்.

போன் படத்தை நம்புவது இன்னொரு வம்பு. சூம் செய்தால் எந்த நட்சத்திரமும் தட்டாகிவிடும். படத்தில் தெருவிளக்கு ஒரு மூலையிலும் பச்சைப் புள்ளி அதற்கு நேர் எதிர் மூலையிலும் இருந்தால் அது லென்ஸுக்குள் பட்ட பிரதிபலிப்பு. போனைக் கொஞ்சம் திருப்புங்கள். விளக்கு ஒரு பக்கம் போக, புள்ளி மறுபக்கம் ஓடும்.

“பஸ் அளவு பெரிசு, கிட்டத்தான் இருந்திச்சு” என்பதையும் விட்டுவிடுங்கள். தூரம் தெரியாமல் அளவு சொல்ல முடியாது. அதற்குப் பதிலாக இப்படி எழுதி அனுப்பினால் போதும்: “இரவு 7.10, ஹப்புத்தளை, தெற்குப் பக்கம், அடிவானத்திலிருந்து இரண்டு முஷ்டி உயரம், மினுக்காமல் மூன்று நிமிடம் கிழக்கே போய் மங்கி மறைந்தது.” இதைப் படித்தவுடனே வானம் பார்க்கிற எவரும் சொல்லிவிடுவார்: பூமியின் நிழலுக்குள் நுழைந்த செய்மதி.