பல்லுயிர்த் தலங்களுக்கு எவ்வளவு பாதுகாப்பு? நீங்களே கணக்கிடலாம்

ஒரு மாநிலத்தின் பரப்பில் எத்தனை சதவீதம் சரணாலயம் என்று கேட்பதால் பெரிய பயன் இல்லை. பறவையும் தவளையும் எங்கே வாழ்கின்றனவோ அந்த இடத்துக்குக் காவல் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். நான் மரக்காணத்துப் பக்கத்துக்காரி, வரைபட வேலை செய்கிறேன். எங்கள் ஊர்ப் பக்கத்துச் சதுப்பு ஏரியான கழுவெளியை உதாரணமாக வைத்தே சொல்கிறேன்.

இரண்டு வரைபட அடுக்குகள் வேண்டும். ஒன்று, 'கேபிஏ' எனப்படும் முக்கியப் பல்லுயிர்த் தலங்களின் எல்லைகள். கேபிஏ இணையதளத்தில் விண்ணப்பித்துக் கேட்க வேண்டும். மற்றொன்று, பாதுகாக்கப்பட்ட பகுதிகளின் எல்லைகள். உலகின் பாதுகாக்கப்பட்ட பகுதிகளைத் தொகுக்கும் 'ப்ரொடெக்டட் பிளானட்' இணையதளத்தில் தேடுங்கள், அங்கே இல்லாதவற்றுக்கு அரசாணையில் உள்ள எல்லை விவரத்தைப் பாருங்கள். இரண்டையும் க்யூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளில் திறங்கள்.

அடுத்தது சலிப்பது. பாதி வேலை இதில்தான் இருக்கிறது. அறிவிக்கப்படாமல் முன்மொழிவாகவே நிற்பவற்றை எடுத்துவிடுங்கள். யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகங்களையும் எடுத்துவிடுங்கள், ஐ.நா.வின் நிலைத்த வளர்ச்சிக் குறியீடும் அவற்றைச் சேர்ப்பதில்லை. ஏன் என்பதற்கு மன்னார் வளைகுடாவே போதும். 21 தீவுகளைச் சுற்றிய கடல்வாழ் தேசியப் பூங்கா சுமார் 560 சதுர கிலோமீட்டர், உயிர்க்கோளக் காப்பகமோ 10,500. பெரியதைச் சேர்த்துக்கொண்டால், சட்டக் காவலே இல்லாத கடலெல்லாம் காக்கப்பட்டதாகக் கணக்கில் ஏறிவிடும்.

அப்புறம் 'டிஸால்வ்', அதாவது ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் எல்லைகளை ஒரே எல்லையாக்கும் கருவி. கழுவெளி 2021-இல் பறவைகள் சரணாலயமானது, 2024-இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. ஒரே நிலத்தின் மேல் இரண்டு எல்லைகள். அவற்றை ஒன்றாக்காமல் கூட்டினால் ஒரு தலம் நூறு சதவீதத்தையே தாண்டும். அப்படி ஒரு எண் வந்தால் இந்தப் படி விட்டுப்போயிற்று என்று அர்த்தம்.

பரப்பை அளக்கும்முன், உருண்டைப் பூமியைப் பரப்பு விகிதம் மாறாமல் தட்டையாக்கும் சம பரப்பு வீழலுக்கு அடுக்குகளை மாற்றுங்கள். உலகை மண்டலம் மண்டலமாகப் பிரித்து வரையும் யுடிஎம் வீழல் இங்கே வசதிப்படாது. இரண்டு மண்டலங்களைப் பிரிக்கும் 78-ஆம் தீர்க்கரேகை மதுரைக்குச் சற்று மேற்கே ஓடி மாநிலத்தையே இரண்டாக வெட்டுகிறது. பிறகு, இரண்டு அடுக்குகளும் ஒன்றன்மேல் ஒன்று விழும் பகுதியை மட்டும் வெட்டியெடுக்கும் 'இன்டர்செக்‌ஷன்'. ஒவ்வொரு தலத்துக்கும், காவலுக்குள் வரும் பரப்பை மொத்தப் பரப்பால் வகுத்து நூறால் பெருக்குங்கள்.

இப்போது சராசரி. இங்கேதான் என் பிடிவாதம். தலங்களின் சதவீதங்களைக் கூட்டித் தலங்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும், எல்லாப் பரப்பையும் ஒன்றாகக் கொட்டி வகுக்கக் கூடாது. ஒரு கற்பனைக் கணக்கு: 1,000 சதுர கிலோமீட்டர் காட்டில் 90 சதவீதம் காவலில் இருக்கிறது, 10-ம் 20-மாக உள்ள இரண்டு ஏரிகளுக்குக் காவலே இல்லை. பரப்பைக் கொட்டி வகுத்தால் 87 சதவீதம் வரும். தலவாரிச் சராசரி 30 மட்டுமே. மலைக்காடுகளின் பெரிய எண்ணுக்குள் சமவெளி ஏரிகள் காணாமல் போவது இப்படித்தான், எனக்கு அது பொறுக்கவே இல்லை.

அறிவிப்பு ஆண்டை வைத்து இதே கணக்கை ஆண்டு வாரியாகவும் போடலாம். திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளம் 1994-இல் பறவைகள் சரணாலயமானது, கழுவெளி 2021-இல்தான். வரைபடமாகப் போட்டால், சராசரியின் கோடு எந்த ஆண்டில் ஏறியது, எத்தனை ஆண்டு அசையாமல் கிடந்தது என்பது தெரியும்.

கடைசியாக, பட்டியலைச் சதவீதப்படி அடுக்கி, பூஜ்யம் உள்ள தலங்களைத் தனியாக எடுங்கள். ஊராட்சிக்கோ வனத்துறைக்கோ மனு கொடுக்கும்போது அந்தத் தாளைத்தான் முதலில் வைக்க வேண்டும், தரவை இறக்கிய தேதியோடு.