காம்பி பாய்லர்: பெரிதாக வாங்கி, கொதிக்கக் கொதிக்க ஓட்டாதீர்கள்

குளிர் ஊர்களில் வீட்டைச் சூடாக்கவும் வெந்நீர் தரவும் கேஸில் ஓடும் ஒரே பெட்டிதான் காம்பி பாய்லர். அதை வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது "எத்தனை கிலோவாட் வாங்கலாம்?" என்றுதான். அதற்கு வரும் பதிலும் அநேகமாக ஒன்றுதான்: "கொஞ்சம் பெரிசாவே போட்டுடுங்க, பின்னாடி கவலை இல்லை." இந்த ஒரே பதிலால் எத்தனை வீடுகளில் தேவையில்லாமல் கேஸ் எரிகிறது என்று நினைத்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. வாங்கும்போது பெரிதாக, ஓட்டும்போது அதிகச் சூட்டில். பாய்லர் விஷயத்தில் நடக்கும் தவறுகளில் பாதி இந்த இரண்டுக்குள் அடங்கிவிடும்.

அந்தப் பெட்டி என்ன செய்கிறது என்று தெரிந்தால் மீதி தானே புரியும். அது பார்ப்பது இரண்டு வேலை. அறைகளைச் சூடாக்கச் சுவரில் மாட்டியிருக்கும் ரேடியேட்டர்களுக்குள் திரும்பத் திரும்பச் சுற்றிக்கொண்டிருக்கும் தண்ணீரைச் சூடாக்குவது ஒன்று. நீங்கள் வெந்நீர்க் குழாயைத் திறந்த அந்த நேரத்தில், வெளியிலிருந்து புதிதாக வரும் பச்சைத் தண்ணீரைச் சுடவைத்து அனுப்புவது இன்னொன்று. சேர்த்துவைக்கத் தொட்டி கிடையாது. குழாயைத் திறந்ததும் உள்ளே இருக்கும் ஒரு திசைமாற்று வால்வு ரேடியேட்டர் பக்கத்தை நிறுத்திவிட்டு, மொத்தச் சூட்டையும் தகட்டு வெப்பமாற்றி என்கிற ஒரு சின்னப் பாகத்துக்குத் திருப்பிவிடும். நீங்கள் குளித்து முடிக்கும்வரை ரேடியேட்டர்களுக்குச் சூடு போகாது. பத்து நிமிடத்தில் வீடு ஒன்றும் குளிர்ந்துவிடாது, அதனால் அது யாருக்கும் தெரிவதுமில்லை. ஆனால் கோடையில், ஹீட்டிங் அணைத்திருக்கும்போது, வெந்நீர் திறந்தால் ரேடியேட்டரும் லேசாகச் சுடுகிறது என்றால் அந்த வால்வு சரியாக மூடவில்லை என்று சந்தேகப்படுங்கள்.

இந்த இரண்டு வேலைக்கும் தேவைப்படும் சக்தி ஒரே அளவு இல்லை. சுமாராகக் குளிர்காப்பு செய்த ஒரு நடுத்தர வீட்டைக் கடுங்குளிரிலும் சூடாக வைத்திருக்கப் பெரும்பாலும் 10 கிலோவாட்டுக்குள் போதும். ஆனால் 5 டிகிரியில் வரும் தண்ணீரை 40 டிகிரிக்கு ஏற்றி, நிமிடத்துக்கு 10 லிட்டர் வீதம் ஷவரில் கொட்டவேண்டும் என்றால் அதற்கு மட்டும் 24 கிலோவாட்டுக்கு மேல் வேண்டும். அதாவது காம்பி பாய்லரின் அளவைத் தீர்மானிப்பது வெந்நீர்தான். ரேடியேட்டர்களை எண்ணி, "உங்களுக்குப் பன்னிரண்டு ரேடியேட்டர் இருக்கு, 35 கிலோவாட் வேணும்" என்று ஒருவர் சொன்னால் அவர் கணக்கே போடவில்லை என்று அர்த்தம்.

விளம்பரத் தாளில் நிமிடத்துக்கு இத்தனை லிட்டர் என்று போட்டிருப்பார்களே, அதை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். பக்கத்தில் எத்தனை டிகிரி ஏற்றத்துக்கு என்று சின்ன எழுத்தில் இருக்கும், அதைப் படியுங்கள். அதே 24 கிலோவாட் பாய்லர் 25 டிகிரி ஏற்றினால் நிமிடத்துக்கு 14 லிட்டர் அளவுக்குத் தரும், 35 டிகிரி ஏற்றவேண்டும் என்றால் 10 லிட்டருக்குக் கொஞ்சம் குறையும். ஒருவர் 25க்கும் இன்னொருவர் 35க்கும் அச்சடித்திருந்தால் முதல் பாய்லர் பிரமாதமாகத் தோன்றும், ஆனால் இரண்டும் ஒன்றுதான். குளிர்காலத்தில்தான் உள்ளே வரும் தண்ணீர் ஐஸாக இருக்கும் என்பதால் நான் எப்போதும் 35 டிகிரிக் கணக்கைத்தான் பார்ப்பேன்.

வாங்குவதற்கு முன்னால் ஒரு வாளியை எடுத்துக்கொள்ளுங்கள். பத்து லிட்டர் வாளி. சமையலறைப் பச்சைத் தண்ணீர்க் குழாயை முழுதாகத் திறந்து, வாளி நிறைய எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள். அறுபது விநாடி ஆனால் நிமிடத்துக்கு 10 லிட்டர். வீட்டுக்குள் வரும் தண்ணீரே அவ்வளவுதான் என்றால் 35 கிலோவாட் பாய்லர் போட்டாலும் 14 லிட்டர் வராது, இல்லாத தண்ணீரைப் பாய்லர் எங்கிருந்து கொண்டுவரும்? எல்லாரும் தண்ணீர் புழங்கும் காலை நேரத்தில் ஒருமுறை, அப்புறம் இன்னொரு குழாயையும் திறந்துவைத்து ஒருமுறை அளந்து பாருங்கள். ஒரே நேரத்தில் இரண்டு பேர் இரண்டு குளியலறையில் குளிக்கும் வீடாக இருந்தால், தாராளமான தண்ணீர் வரத்தும் பெரிய மாடலும் இருந்தாலொழிய காம்பி சரிப்படாது. தொட்டியோடு வரும் பாய்லர்தான் அந்த வீட்டுக்கு. இதை வாங்கிய பிறகு சொல்பவர்கள்தான் அதிகம்.

சரி, அதிகபட்ச எண்ணைவிட நான் முக்கியமாக நினைப்பது குறைந்தபட்ச எண். பாய்லர் தன் தீயை எவ்வளவு தூரம் தாழ்த்த முடியும் என்பது அது. 30 கிலோவாட் பாய்லர் நான்கில் ஒரு பங்குவரைதான் தாழும் என்றால் அதன் அடிமட்டம் 7.5 கிலோவாட், பத்தில் ஒரு பங்கு தாழும் என்றால் 3 கிலோவாட். லேசாகக் குளிரும் நாளில் வீட்டுக்குத் தேவை வெறும் 2, 3 கிலோவாட்தான். முதல் பாய்லர் என்ன செய்யும்? பற்றவைக்கும், தண்ணீர் சட்டென்று சூடேறிவிடும், அணையும், கொஞ்ச நேரத்தில் மறுபடி பற்றவைக்கும்.

எங்கள் வீட்டில் முன்பு இருந்தது அப்படிப்பட்டதுதான். ஒருநாள் சாயங்காலம் கடிகாரத்தை வைத்துக்கொண்டு அதன் முன்னால் உட்கார்ந்தேன். விசிறி சுழலும் சத்தம், டிக் டிக் என்று பொறி, திரையில் தீச்சுடர்ப் படம், ஒன்றேகால் நிமிடம் எரியும், அணையும். மூன்று நிமிடம் சும்மா இருக்கும். மறுபடி விசிறி. ஒரு மணி நேரத்தில் பதினான்கு தடவை. ஒவ்வொரு முறையும் தீ பற்றுவதற்கு முன்னால் அந்த விசிறி உள்ளே இருக்கும் சூட்டையும் சேர்த்து ஊதி வெளியே தள்ளுகிறது, பாகங்களும் தேய்கின்றன. பொருத்தியவரிடம் கேட்டபோது "பாய்லர்னா அப்படித்தான்" என்றார். அப்படியெல்லாம் இல்லை. நிறைய மாடல்களில் ஹீட்டிங்குக்கு மட்டும் உச்ச சக்தியைக் குறைத்து வைக்க வழி இருக்கிறது, வெந்நீருக்கு முழு சக்தியும் அப்படியே இருக்கும். ஒருமுறை அணைந்தால் இத்தனை நிமிடம் கழித்துத்தான் பற்றவேண்டும் என்றும் வைக்கலாம். தெரிந்த டெக்னீஷியனுக்கு இது ஐந்து நிமிட வேலை. ஆனால் அடிமட்ட எண்ணை எந்த அமைப்பாலும் இன்னும் கீழே இறக்க முடியாது, அதை வாங்கும்போதே பார்த்துவிடவேண்டும்.

அடுத்தது ஓட்டும் சூடு. எரிவாயு எரியும்போது நீராவி உண்டாகிறது. ரேடியேட்டரிலிருந்து திரும்பி வரும் தண்ணீர் சுமார் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் அந்த ஆவி பாய்லருக்குள்ளேயே குளிர்ந்து நீராகி, தன்னிடம் இருக்கும் சூட்டை நமக்குக் கொடுக்கும். எரிபொருளின் மொத்தச் சூட்டில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு இந்த ஆவியில்தான் இருக்கிறது. பாய்லரை 75, 80 டிகிரியில் வைத்தால் திரும்பி வரும் தண்ணீரே பெரும்பாலும் 55ஐத் தாண்டியிருக்கும். ஆவி அப்படியே புகைக்குழாய் வழியாகப் போய்விடும். 90 சதவீதத்துக்கு மேல் திறன் என்று ஒட்டியிருக்கும் சீட்டுக்கு அப்புறம் மதிப்பே இல்லை. குளிர் நாளில் பாய்லரிலிருந்து வடிகாலுக்குப் போகும் அந்தப் பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் வரவே இல்லையென்றால் நீங்கள் அதிகச் சூட்டில் ஓட்டுகிறீர்கள்.

சூட்டை மாற்றப் பாய்லரில் பொதுவாக ரேடியேட்டர் படம் போட்ட அமைப்பு ஒன்றும் குழாய்ப் படம் போட்டது ஒன்றும் இருக்கும். ரேடியேட்டர் படம் போட்டதை 55க்கு இறக்குங்கள். இரண்டு நாள் பாருங்கள். அறை சூடாகிறதா? இன்னும் ஐந்து இறக்கலாம். சூடாகவில்லையா, ஐந்து ஏற்றுங்கள், அவ்வளவுதான். தொட்டால் ரேடியேட்டர் முன்பு மாதிரி கையைச் சுடாது, அதைப் பார்த்துப் பயந்து திரும்ப ஏற்றிவிடாதீர்கள். நமக்கு வேண்டியது அறையின் சூடு. காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் என்று கொதிக்கவிட்டு அணைக்கும் பழக்கம் மட்டும் இதோடு ஒத்துவராது, மிதமான சூட்டில் கூடுதல் நேரம் ஓடவேண்டும். ஆன், ஆஃப் மட்டும் சொல்லும் தெர்மோஸ்டாட்டுக்குப் பதிலாக, எவ்வளவு சூடு வேண்டும் என்று பாய்லரோடு பேசும் வகையோ, வெளிக்குளிரைப் பார்த்துத் தண்ணீர்ச் சூட்டை மாற்றும் சென்சாரோ இருந்தால் இதையெல்லாம் கையால் திருகவே வேண்டாம். காசு போடுவதானால் கூடுதல் கிலோவாட்டுக்குப் போடாமல் அதற்குப் போடுங்கள். தெர்மோஸ்டாட் இருக்கும் அறையின் ரேடியேட்டர் வால்வை மட்டும் முழுதாகத் திறந்து வையுங்கள், இல்லையென்றால் இரண்டும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும்.

குழாய்ப் படம் போட்டதை 65 வைத்துவிட்டுப் பச்சைத் தண்ணீர் கலந்து குளிப்பதும் வீண்தான். 60க்கு மேல் போகப் போக உப்புத் தண்ணீர் சுண்ணாம்பாகப் படிவது வேகமாகும், தகட்டு வெப்பமாற்றியின் மெல்லிய வழிகள் அடைபடும். லெஜியோனெல்லா கிருமிக்குப் பயந்து 60 வைக்கச் சொல்வது தண்ணீரைத் தொட்டியில் தேக்கும் அமைப்புகளுக்கு. தேக்கமே இல்லாத காம்பிக்கு 45 முதல் 50 போதும். உள்ளே சின்னத் தொட்டி வைத்த மாடல் என்றால் மட்டும் தயாரிப்பாளர் சொன்னபடி வையுங்கள். இன்னொன்று, தண்ணீரை மிச்சம் பிடிக்கிறேன் என்று குழாயை நூல் மாதிரி திறந்தால் வெந்நீர் வராது. நிமிடத்துக்கு ஏறக்குறைய இரண்டு லிட்டராவது ஓடினால்தான் சென்சாருக்குத் தெரிந்து தீ பற்றும். பாய்லர் கெட்டுவிட்டது என்று ஆள் கூப்பிடும் முன் குழாயைக் கொஞ்சம் தாராளமாகத் திறந்து பாருங்கள்.

இனி, ரேடியேட்டர்களில் சுற்றும் தண்ணீரின் அழுத்தத்தைக் காட்டும் அழுத்தமானி. குளிர்ந்திருக்கும்போது முள் 1 முதல் 1.5 பாருக்குள் நிற்கவேண்டும். வருடத்தில் ஒன்றிரண்டு முறை இறங்கினால் பரவாயில்லை. வாராவாரம் இறங்குகிறது, வாராவாரம் தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கிறேன் என்று சொல்பவர்களைப் பார்த்தால்தான் எனக்குப் பதறும். ஒவ்வொரு முறை புதுத் தண்ணீர் விடும்போதும் அதோடு ஆக்சிஜன் உள்ளே போகிறது. ரேடியேட்டர் உள்ளே துருப்பிடிக்கிறது, கரிய சேறாக மாறிக் கடைசியில் பாய்லருக்கு வந்து சேர்கிறது. முள்ளைப் பார்த்தாலே காரணம் ஓரளவு தெரியும். குளிர்ந்திருக்கும்போது 1.2, சூடானதும் 3ஐ நெருங்குகிறது, வெளியே ஒரு சின்னக் குழாயில் தண்ணீர் சொட்டுகிறது, மறுபடி குளிர்ந்ததும் 0.5 என்றால் சூட்டில் விரியும் தண்ணீருக்கு இடம் கொடுக்கும் விரிவுக் கலத்தில் காற்று போய்விட்டது. 3 பாரில் பாதுகாப்பு வால்வு திறந்து தண்ணீரை வெளியே விடுகிறது. சூடானாலும் முள் பெரிதாக ஏறவில்லை, ஆனால் நாளுக்கு நாள் மெல்ல இறங்குகிறது என்றால் எங்கோ கசிகிறது. இரண்டுக்கும் மருந்து தண்ணீர் விடுவது அல்ல. தண்ணீர் விட்ட பிறகு, அதை விடும் வால்வை இறுக்க மூடாமல் விடுபவர்களும் உண்டு, அப்போது முள் ஏறிக்கொண்டே போகும்.

பழைய ரேடியேட்டர்களில் புதுப் பாய்லரை மாட்டும்போது குழாய்களைக் கழுவாமல் மாட்ட விடாதீர்கள். கழுவி, துருச் சேற்றைப் பிடிக்கும் காந்த வடிகட்டி போட்டு, துருத்தடுப்பு மருந்து கலக்கச் சொல்லுங்கள்.

ஆவி குளிர்ந்து வரும் தண்ணீர் போகும் அந்த வடிகால் குழாய் வீட்டுக்கு வெளியே போனால் தடிமனாகவும், காப்புறை போட்டும், நல்ல சரிவோடும் இருக்கவேண்டும். அதில் வருவது அமிலத் தண்ணீர் என்பதால் செம்புக் குழாய் கூடாது. உறைபனியில் பாய்லர் நின்று, உள்ளே களகளவென்று சத்தம் வந்தால் அநேகமாக அந்தக் குழாய்தான் உறைந்திருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரை மேலே ஊற்றினால் போதும், கொதிநீர் ஊற்றிக் குழாயை வெடிக்கவைக்காதீர்கள்.

கார்பன் மோனாக்சைடு என்கிற விஷவாயு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. பாய்லர் அறையில் அலாரம் ஒன்று வைத்து, மாதம் ஒருமுறை அழுத்திச் சோதியுங்கள். வருடம் ஒருமுறை, உரிமம் பெற்றவரைக் கூப்பிட்டுச் சர்வீஸ் செய்யுங்கள், வந்தவர் வெறும் துணியால் துடைத்துவிட்டுப் போகாமல் புகைக்குழாயில் கருவி வைத்து அளந்தாரா என்று பாருங்கள். மூடியைத் திறந்து நாமே நோண்டுவது வேண்டவே வேண்டாம்.

குளிர்காலத்தில் ஊருக்குப் போகும்போது பாய்லரின் மின்சாரத்தை அணைத்துவிட்டுப் போவது மிச்சம் என்று சிலர் நினைக்கிறார்கள். பாய்லர் உறையாமல் தன்னைக் காத்துக்கொள்வது மின்சாரமும் கேஸும் இருக்கும்வரைதான், அதுவும் தன் பெட்டிக்குள் இருப்பதைத்தான், தூரத்து அறைக் குழாயை அதற்குத் தெரியாது. தெர்மோஸ்டாட்டை 12 டிகிரி வாக்கில் வைத்து, அழுத்தமானியின் முள் 1க்கு மேல் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டுக் கதவைப் பூட்டுங்கள்.