காண்ட் முதல் ஹெகல் வரை: சண்டை வரிசையில் படிக்கும் முறை

சேலம் செவ்வாய்பேட்டையில் ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் கணக்கு எழுதுவது என் வேலை. படித்தது பி.காம். தத்துவ வகுப்பு எதிலும் நான் உட்கார்ந்ததில்லை. இருந்தாலும் ஐரோப்பியத் தத்துவத்தில் தெகார்த்தில் தொடங்கி, ஸ்பினோசா, லைப்னிஸ், காண்ட் வழியாக ஹெகலில் முடியும் இந்த வரிசையைப் போல என்னைப் பிடித்து வைத்த வாசிப்பு வேறில்லை. பட்டறைக்கு வந்துபோகும் கல்லூரிப் பிள்ளைகள் என் மேசையில் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, "இதையெல்லாம் எங்கக்கா ஆரம்பிக்கிறது?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்குத் துண்டு துண்டாகச் சொன்னதைத்தான் இங்கே முழுசாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு நோட்டு வாங்குங்கள். எந்தப் புத்தகத்தைத் திறக்கும் முன்னாலும் அதில் ஒரு கேள்வியை எழுதுங்கள்: இவர் யாரோடு, எதற்காகச் சண்டை போடுகிறார்? பதிலை உங்கள் சொந்தத் தமிழில் ஒரே வாக்கியமாக எழுத முடிகிற வரைக்கும் அடுத்த ஆளிடம் போகாதீர்கள். இந்தத் தத்துவவாதிகள் ஒவ்வொருவரும் முன்னால் வந்தவர் பாக்கி வைத்துப்போன கேள்வியைத் தீர்க்க வந்தவர்கள். கேள்வி தெரியாமல் பதிலை மட்டும் படித்தால் ஹெகல் என்ன, காண்ட்கூட வெறும் கடினமான சொற்குவியல்தான்.

இரண்டாவது, எதிர்ப்பக்கம் பேச ஓர் ஆள் வேண்டும். என் சித்தி மகன் ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டில் ரைட்டராக இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் மேலே போவேன், இல்லையென்றால் அவன் இறங்கி வருவான். நான் ஸ்பினோசா என்றால் அவன் லைப்னிஸ். தனியாகப் படிக்கும்போது புரிந்த மாதிரி இருப்பது, "அது எப்படிக்கா?" என்று அவன் ஒரு வார்த்தை கேட்டதும் ஆட்டம் கண்டுவிடும். அந்த ஆட்டம் இல்லாமல் இந்தப் புத்தகங்களைப் படித்துப் பயனில்லை.

எல்லாரையும் நான் ஆங்கில மொழிபெயர்ப்பில்தான் படித்தேன். ஜொனாதன் பென்னட் என்ற பேராசிரியர் தெகார்த், ஸ்பினோசா, லைப்னிஸ், ஹியூம், காண்ட் ஆகியோரின் நூல்களை இன்றைய எளிய ஆங்கிலத்துக்கு மாற்றி இலவசமாகப் படிக்கக் கொடுத்திருக்கிறார். முதல் வாசிப்புக்கு அவை போதும்.

தொடங்க வேண்டியது காண்ட் 1784-இல் பெர்லின் மாத இதழ் ஒன்றில் எழுதிய 'அறிவொளி என்றால் என்ன?' என்ற கட்டுரை. சில பக்கங்கள்தான். எனக்குப் பதிலாகச் சிந்திக்கப் புத்தகம் இருக்கிறது, என் மனசாட்சிக்குப் பாதிரியார் இருக்கிறார், என் சாப்பாட்டை முடிவு செய்ய வைத்தியர் இருக்கிறார், பணம் கொடுத்தால் போதும், நான் ஏன் சிந்திக்க வேண்டும் என்று இருப்பவர்களைப் பார்த்து, உன் அறிவைப் பயன்படுத்தத் துணிந்து நில் என்கிறார். அதில் நிறுத்தி நிதானமாகப் படிக்க வேண்டிய இடம், அறிவின் பொதுப் பயன்பாடு, தனிப் பயன்பாடு என்று அவர் பிரிக்கும் இடம். வரியைக் கட்ட மாட்டேன் என்று குடிமகன் மறுக்க முடியாது. ஆனால் அதே வரி அநியாயம் என்று ஊருக்கெல்லாம் எழுதலாம், எழுத அவனுக்கு முழு உரிமை உண்டு. உத்தியோகத்தில் இருந்துகொண்டு பேசுவதைத் தனிப் பயன்பாடு என்கிறார், வாசக உலகத்துக்கு எழுதுவதைப் பொதுப் பயன்பாடு என்கிறார். நாம் நினைப்பதற்கு நேர் எதிர். இதே கட்டுரையில் பெண்ணினம் முழுவதும் அப்படித் துணிந்து நிற்பதை ஆபத்து என்று நினைக்கிறது, அப்படி நினைக்கும்படி காப்பாளர்கள் பார்த்துக்கொண்டார்கள் என்று ஒரு வரி வருகிறது. பெண்கள் அந்த வரியின் பக்கத்தில் தாராளமாகப் பென்சிலால் எழுதுங்கள். நான் எழுதியிருக்கிறேன்.

இனி 150 வருடம் பின்னால் போக வேண்டும். அதற்கு முன் ஒரு சங்கதி. நீதிக்கட்சி திராவிடர் கழகமாகப் பெயர் மாறிய 1944 மாநாடு நம் சேலத்தில்தான் நடந்தது. அந்தக் காற்றில் வளர்ந்த நம்மில் பலர், பகுத்தறிவுவாதி என்றால் கடவுளை மறுப்பவர் என்ற எதிர்பார்ப்போடுதான் ஐரோப்பியப் பகுத்தறிவுவாதிகளைத் திறக்கிறோம். தெகார்த்தும் லைப்னிஸும் கடவுள் இருப்பதை நிரூபிக்கப் பக்கம் பக்கமாக உழைத்தவர்கள். அனுபவத்தின் துணையில்லாமல் அறிவால் மட்டுமே உலகத்தின் அடிப்படையை எட்டிவிடலாம் என்பதுதான் அவர்களுடைய கட்சி. இதைத் தெரிந்துகொண்டு போனால் ஏமாற்றம் இருக்காது.

தெகார்த்தின் 'தியானங்கள்' 1641-இல் வந்தது. ஆறு தியானங்களில் முதலிரண்டைப் படித்தால் இப்போதைக்குப் போதும். இரண்டாவதில் ஒரு தேன்மெழுகுத் துண்டை நெருப்பருகே கொண்டுபோகிறார். மணம், நிறம், வடிவம் எல்லாம் போய்விடுகிறது. ஆனாலும் அதே மெழுகு என்கிறோம். புலன்கள் சொன்னதெல்லாம் மாறிவிட்ட பிறகு 'அதே' என்று சொன்னது எது? நோட்டில் இதை எழுதி வையுங்கள். காண்டிடம் போகும்போது இந்தக் கேள்வி வேறு உடுப்பில் திரும்பி வரும்.

ஸ்பினோசாவை நான் அவசரமில்லாமல் படிக்கச் சொல்வேன். ஆம்ஸ்டர்டாம் யூத சமூகம் 1656-இல் அவரை விலக்கி வைத்தது. கண்ணாடி வில்லைகளைத் தேய்த்துப் பிழைத்தார். 'அறவியல்' அவர் இறந்த 1677-இல்தான் நண்பர்கள் முயற்சியில் அச்சேறியது. வரையறை, கோட்பாடு, தேற்றம், நிரூபணம் என்று வடிவியல் புத்தகம்போல் இருக்கும். பயந்து மூடிவிடாதீர்கள். முதல் பாகத்தின் கடைசியில் ஒரு பின்னிணைப்பு இருக்கிறது, அதை முதலில் படியுங்கள். கூரையிலிருந்து கல் விழுந்து ஒருவன் செத்துப்போகிறான். காற்றடித்தது, அந்த வழியாக வந்தான் என்றால், காற்று ஏன் அப்போது அடித்தது, அவன் ஏன் அந்நேரம் வந்தான் என்று கேட்டுக்கொண்டே போய், கடைசியில் கடவுளின் சித்தம் என்ற இடத்தில் தஞ்சம் புகுகிறார்கள், அது அறியாமையின் புகலிடம் என்கிறார். இந்தக் கோபம் புரிந்த பிறகு முதல் பக்கத்துக்கு வாருங்கள். வரையறைகளைத் தனித்தாளில் எழுதி எதிரில் வைத்துக்கொள்ளுங்கள். 'முன்சொன்ன தேற்றத்தின்படி' என்று வரும் ஒவ்வொரு இடத்திலும் பின்னால் புரட்டிப் பாருங்கள். முதல் பாகம் முடித்தால் நல்லது. பதினைந்தாம் தேற்றம் வரை வந்தாலே பெரிய காரியம்.

லைப்னிஸின் 'மொனாடாலஜி' 1714-இல் எழுதப்பட்டது, 90 சிறு பத்திகள். 17, 31, 32 மூன்றையும் படித்துவிட்டு நகரலாம். எதற்கும் போதிய காரணம் இருந்தே தீரும் என்பது 32. அவருடைய சிந்தனையை அமைப்பாக்கிப் பல்கலைக்கழகங்களில் பரப்பியவர் கிறிஸ்டியான் வுல்ஃப். கிறிஸ்தவ வேதம் இல்லாமலே சீனர்கள் அறிவால் ஒழுக்கத்தை எட்டினார்கள் என்று 1721-இல் ஹாலேயில் பேசினார். 1723-இல், 48 மணி நேரத்தில் வெளியேறு, இல்லையென்றால் தூக்கு என்று பிரஷ்ய மன்னர் உத்தரவு போட்டார். இளம் காண்ட் பயின்றது இந்த வுல்ஃப் பள்ளியின் தத்துவத்தைத்தான்.

இப்போது காண்ட். கோனிக்ஸ்பர்க்கில், இன்று ரஷ்யாவின் கலினின்கிராட்டில், 1724-இல் பிறந்தவர். 'தூய அறிவின் விமர்சனம்' 1781-இல் வந்தபோது வாசகர்கள் திணறினார்கள். விளக்கமாக 1783-இல் 'முன்னுரைக் குறிப்புகள்' என்ற சிறு நூலை எழுதினார். நீங்களும் அதில்தான் தொடங்க வேண்டும். ஒன்றுக்குப் பின் ஒன்று நடப்பதைத்தான் பார்க்கிறோம், ஒன்று மற்றொன்றை நடத்தியே தீரும் என்ற கட்டாயத்தை எங்கே பார்த்தோம் என்று ஸ்காட்லாந்துத் தத்துவவாதி ஹியூம் கேட்ட கேள்விதான் தன் உறக்கத்தைக் கலைத்தது என்கிறார் அதில்.

பிறகு பெரிய நூல். வரிசையாகப் படிக்க வேண்டாம். ஓரத்தில் ஏ, பி என்று எண்கள் இருக்கும். ஏ என்றால் 1781 பதிப்பு, பி என்றால் 1787 பதிப்பு. எல்லாரும் இந்த எண்ணைச் சொல்லித்தான் பேசுவார்கள், நோட்டிலும் அதையே குறியுங்கள். இரண்டாம் பதிப்பின் முன்னுரை, பிறகு காலம், வெளி பற்றிய பகுதி. காலமும் வெளியும் நாம் உலகத்தைப் பெற்றுக்கொள்ளும் விதம், பொருள்கள் தம்மளவில் எப்படி இருக்கின்றன என்பது நமக்கு எட்டாது என்ற வாதம் பிடிபடும் வரை அங்கேயே இருங்கள். அதன்பின் நேராக முரண் இணைகளுக்குத் தாவுங்கள். தாவுவதற்குக் காரணம் இருக்கிறது. 1798-இல் கார்வே என்ற தத்துவவாதிக்கு எழுதிய கடிதத்தில், முன்பு ஹியூமைச் சொன்ன அதே காண்ட், தன்னை எழுப்பியது இந்த முரண்கள்தான் என்கிறார்.

உலகத்துக்குத் தொடக்கம் உண்டு என்று ஒரு நிரூபணம், இல்லை என்று எதிரிலேயே இன்னொரு நிரூபணம். இயற்கை விதியைத் தாண்டிய சுதந்திரம் உண்டு என்று ஒன்று, இல்லை என்று ஒன்று. கூட்டாளியோடு ஆளுக்கொரு பக்கம் எடுத்துக்கொண்டு சத்தமாக வாதாடுங்கள். பிறகு பக்கம் மாற்றுங்கள். நாங்கள் ஏற்காட்டு ஏரிக்கரையில் உட்கார்ந்து இதைச் செய்தோம். பக்கம் மாறியும் இருவருமே ஜெயிக்கிறோம் என்று தெரிந்தபோது தம்பி, "அக்கா, அப்போ கேள்வியிலதான் ஏதோ கோளாறு" என்றான். காண்ட் சொல்வதும் அதுதான். உலகத்தைத் தன்னளவில் இருக்கும் ஒரு முழுப்பொருளாக எடுத்துக்கொண்டதால் தொடக்கம் பற்றிய இரண்டு பக்கமும் தவறு. சுதந்திரம் பற்றிய இரண்டு பக்கமும் வேறு வேறு நோக்கில் ஒன்றாக உண்மையாகலாம்.

பி627-ஐயும் விட்டுவிடாதீர்கள். தெகார்த்தின் கடவுள் நிரூபணத்துக்கு, அதாவது நிறைவே உருவான கடவுளிடம் இருப்பு மட்டும் குறைய முடியாது என்பதற்கு, பதில் அங்கே இருக்கிறது. நூறு உண்மையான தாலரில், மனதில் நினைத்த நூறு தாலரைவிட ஒரு துளியும் அதிகம் இல்லை. தாலர் என்பது வெள்ளிக்காசு. என் ஆர்டர் புத்தகத்தில் நூறு ஜோடி கொலுசு என்று எழுதியிருந்தால், எடை, டச் (வெள்ளியின் தரம்), சலங்கை எண்ணிக்கை எல்லாம் அலமாரியில் இருக்கும் நூறு ஜோடியுடையதேதான். அலமாரியில் இருக்கிறது என்பது கொலுசின் விவரங்களில் இன்னொரு விவரமாகச் சேராது. ஆனால் கல்லாவுக்கு அதுதான் எல்லாம். இருப்பு என்பது ஒரு பண்பு அல்ல என்று இதைத்தான் காண்ட் நிறுவுகிறார்.

அடுத்த சண்டைக்கு, காண்டின் காலத்து ஜெர்மன் தத்துவவாதி யாகோபியின் ஒரு வாக்கியம் போதும். தம்மளவில் இருக்கும் பொருள் என்ற கருத்து இல்லாமல் காண்டின் வீட்டுக்குள் நுழைய முடியவில்லை, அதோடு உள்ளே தங்கவும் முடியவில்லை என்றார் 1787-இல். இதை நோட்டில் பெரிதாக எழுதுங்கள். ஃபிக்டே, ஷெல்லிங், ஹெகல் மூவரும் இந்த வாசலில்தான் பிறக்கிறார்கள்.

ஃபிக்டேவை எல்லாரும் வேகமாகக் கடந்து போகிறார்கள், எனக்கு அது வருத்தம். நாடா நெய்யும் தறிக்காரர் மகன். அம்மாப்பேட்டைத் தறிச் சத்தத்தில் வளர்ந்த எனக்கு அதனாலேயே அவர் மேல் தனிப் பிரியம். 1791-இல் காண்டைப் பார்க்கப் போய், தன்னைத் தெரிவிக்கச் சில வாரங்களில் ஒரு நூலே எழுதிக் கொடுத்தார். 1792-இல் அது பெயரில்லாமல் வெளிவர, காண்ட் எழுதியது என்று ஜெர்மனியே நம்பியது. எழுதியவர் ஃபிக்டே என்று காண்டே அறிவித்த பிறகு ஒரே நாளில் பேர் வந்துவிட்டது. அதே காண்ட் 1799-இல் ஃபிக்டேயின் தத்துவம் தன்னுடையது அல்ல என்று பகிரங்கமாகக் கைவிட்டார். நாத்திகக் குற்றச்சாட்டில் யேனா பல்கலைக்கழக வேலையும் அந்த வருடமே போனது. அவரைப் படிக்கும் முன் அவர் மாணவர்களுக்குக் கொடுத்த பயிற்சியைச் செய்யுங்கள். சுவரை நினையுங்கள். இப்போது, சுவரை நினைத்தவரை நினையுங்கள். நினைப்பவரைப் பிடிக்கப் போனால் நினைப்பவரே பிடிபடுபவராகவும் ஆகிவிடுகிறார். அந்த இடத்தில் நின்றுதான் அவர் முழு அமைப்பையும் கட்டினார்.

ஷெல்லிங்கை இந்தச் சுற்றில் விடலாம். ஹெகலும் கவிஞர் ஹோல்டர்லினும் அவரும் டூபிங்கன் விடுதியில் ஒரே அறையில் இருந்தவர்கள் என்பது தெரிந்தால் போதும்.

ஹெகலின் 'மனத்தின் தோற்றவியல்' 1807. அதன் புகழ்பெற்ற முன்னுரையில் தொடங்காதீர்கள், அவர் அதைக் கடைசியில்தான் எழுதினார். புலன் நிச்சயம் என்ற முதல் அத்தியாயத்தைத் திறந்து, அவர் சொல்வதை அப்படியே செய்யுங்கள். ராத்திரியில் ஒரு தாளில் 'இப்போது இரவு' என்று எழுதி வையுங்கள். மறுநாள் மதியம் எடுத்துப் பாருங்கள். உண்மையை எழுதி வைத்தால் கெட்டுப்போகக் கூடாது. ஆனால் இது கெட்டுப்போய்விட்டது. 'இப்போது' என்பது இரவுக்கும் பகலுக்கும் பொதுவானது என்று அந்தத் தாளே காட்டும். அடுத்து ஆண்டான், அடிமை பற்றிய பகுதி. பொருளை உருவாக்கும் அடிமை, தான் உருவாக்கியதில் தன்னைக் காண்கிறான், அனுபவிக்க மட்டும் செய்யும் ஆண்டான் அங்கேயே தேங்கிப்போகிறான். எங்கள் பட்டறையில் மெருகு போடுபவர் முடித்த கொலுசை வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பதைக் கவனித்திருக்கிறேன். அந்தப் பக்கங்கள் உண்மை. இந்தியாவைப் பற்றி அவர் எழுதியவை பல இடங்களில் கடுமையானவை, ஏற்க முடியாதவை. கீதை பற்றி ஜெர்மன் மொழி அறிஞர் ஹம்போல்ட் எழுதிய கட்டுரைக்கு 1827-இல் நீண்ட மதிப்புரையும் எழுதினார். அவற்றையும் படியுங்கள், எதிர்வாதத்தோடு படியுங்கள்.

இதெல்லாம் முடிந்தால் காண்டிடம் திரும்பி, முதல் சுற்றில் தாண்டிய 'டிடக்ஷன்' பகுதியை, அதாவது காரணம் போன்ற நம் அடிப்படைக் கருத்துகள் அனுபவத்துக்குப் பொருந்துவது எந்த உரிமையில் என்று அவர் வாதிடும் பகுதியை எடுங்கள். அதை அவர் இரண்டு பதிப்புக்கும் வேறு வேறாக எழுதினார். 1787 வடிவத்தை முதலில் படிப்பது எளிது. 'நான் நினைக்கிறேன்' என்பது என் எல்லா எண்ணங்களோடும் கூடிவர முடிய வேண்டும் என்ற ஒற்றைப் புள்ளியிலிருந்து அது கிளம்புகிறது. 1781 வடிவத்தில் கற்பனைத் திறனுக்கு இன்னும் பெரிய இடம் உண்டு. ஆளுக்கொரு வடிவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நான் 1787-இன் பக்கம், தம்பி 1781-ஐ விடுவதாக இல்லை.